அப்பத்தாவும் அறிவொளியும்

போன மாதம் ஒரு சாயங்காலம். அம்மா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு என் மகளைக் கூப்பிட்டார். "இதுல என்னமோ வந்திருக்கு, என்னன்னு பாரும்மா." மகளுக்குப் பதினாறு வயசு. ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல அப்பத்தா, பேங்க் மெசேஜ்" என்றாள். அம்மாவும் சரியென்று போய்விட்டார்.

எனக்குத்தான் சுருக்கென்றது. இதே "ஒண்ணுமில்ல அப்பத்தா"வை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். அதற்குப் பத்து வருஷம் கழித்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். கூடவே கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அப்பா பம்பாயில் மில் தொழிலாளி. மாசாமாசம் மணியார்டர் வரும், நடுவில் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். அந்தக் காலத்தில் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்களைக் கட்டி வைத்திருந்தது இந்த இரண்டும்தான். மணியார்டரைத் தபால் இலாகா 1880ல் தொடங்கியது. இன்லண்ட் லெட்டர் 1950ல் வந்தது. மணியார்டர் ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். அந்த நாலு வரிக்காகத் தபால்காரரை வழியிலேயே மறிப்பவர்கள் உண்டு.

ஆனால் படிப்பது யார்? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 18 பேர். பெண்களை மட்டும் எடுத்தால் 100க்கு 9 பேர்கூட இல்லை. என் அப்பத்தா மீதி 91ல் ஒருவர். மணியார்டர் வந்தால் கட்டைவிரலில் மை தடவி உருட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

அந்தத் தலைமுறைக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் கண். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், லெட்டரை நன்றாகவே படிப்பார். ஆனால் அப்பத்தா மருமகளை நம்பமாட்டார். "பேரன் படிக்கட்டும், அவந்தான் உள்ளத உள்ளபடி சொல்லுவான்." நானும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். கிழவிக்கும் பேரனுக்கும் இருந்த நெருக்கத்தில் பாதி அந்த லெட்டரால் வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

1982 ஜனவரி 18ம் தேதி பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். முறையாக முடிந்ததாக யாரும் அறிவிக்காமலே கரைந்துபோன போராட்டம் அது. அதில் போன வேலை பலருக்குத் திரும்ப வரவேயில்லை.

அந்த வருஷம் அப்பாவிடமிருந்து வந்த ஒரு லெட்டரில் இப்படி இருந்தது: மில் மூடிக் கிடக்கிறது, சாப்பாட்டுக்கே கஷ்டம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாள். எனக்கு அப்போது பதினோரு வயசு. அந்த வரிகளைத் தாண்டிப் படித்தேன். "என்னடா நிறுத்துன?" "ஒண்ணுமில்ல அப்பத்தா. சம்பளம் கொஞ்சம் லேட்டாகுமாம்."

மணியார்டர் எட்டு மாசம் வரவில்லை. பையன் பட்டணத்துக்குப் போய் மாறிவிட்டான் என்று அப்பத்தா முடிவு கட்டிவிட்டார். அடுத்த வருஷம் தீபாவளிக்கு வந்த அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், இருந்தும் சொல்லவில்லை. நல்லது செய்வதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி 1991க்கு வருவோம். அதற்கு முன்னால் எர்ணாகுளத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் விளக்கு அங்கேதான் முதலில் ஏற்றப்பட்டது. மத்திய அரசின் தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988ல் தொடங்கியது. 1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் கலெக்டர் கே.ஆர். ராஜனும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள், பெரும்பாலும் இளவட்டங்கள், சம்பளம் கிடையாது. வயசானவர்களுக்கு எழுத்து தெரியாததைவிடக் கண் தெரியாததே பெரிய தடை என்று கண்டுபிடித்து, ஊரெல்லாம் மூக்குக்கண்ணாடி திரட்டிக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4ம் தேதி, நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது.

அடுத்த வருஷம் அந்தக் காற்று எங்கள் ஊருக்கு வந்தது. பெயர் அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் வீதி நாடகம் போட்டு ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். நான் காலேஜ் மாணவன். நாடகம் பார்க்கப் போய்த் தொண்டனாகத் திரும்பி வந்தேன்.

அறிவொளி என்றதும் பலருக்கும் சைக்கிள்தான் ஞாபகம் வரும். பெண்களுக்குப் படிப்போடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் கிளம்பியதை பி. சாய்நாத் 1996ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் குறி 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள். உழைக்கிற வயசுக்காரர்கள் படித்தால் நாட்டுக்கு உடனே பலன் என்று கணக்கு. தாராளமாக இருந்த எர்ணாகுளத்திலேயே வரம்பு 60தான். ஆக, கிழவிகள் யார் கணக்கிலும் இல்லை.

என் வகுப்பில் முதல் வாரமே கடைசி வரிசையில் அப்பத்தா வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். "என்னையக் கணக்குல சேக்க வேணாம்டா. சும்மா உக்காந்துக்கிறேன்." அரிக்கேன் வெளிச்சத்தில் சிலேட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவார். அவர் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தபோது கை நடுங்கியது. அவர் கையா என் கையா, தெரியாது.

ஏழெட்டு மாசத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, எதையும் விடவில்லை. ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் பழைய லெட்டர்களை எடுத்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டு நாள் ஆனது அந்த ஒரு லெட்டரை முடிக்க. முடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏண்டா, இத அன்னிக்கே சொல்லியிருந்தா என் மூக்குத்தியக் கழட்டிக் குடுத்திருப்பேனே. எம்புள்ளைய வீணா வஞ்சுப்புட்டேனேடா."

இந்த வகுப்பு இல்லாவிட்டால் அந்தக் கோபத்தோடேயே அவர் போய்ச் சேர்ந்திருப்பார். அந்த வாரமே அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டார், தன் கையாலேயே. நாலு வரி, ஏகப்பட்ட பிழை. அப்பா அதைக் கடைசிவரை பர்ஸில் வைத்திருந்தார்.

வயசானவர்களும் சின்னவர்களும் ஒட்டுதலாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஒட்டுதலில் இரண்டு வகை உண்டு என்பதை நான் அன்றைக்குப் படித்தேன். பெரியவர்களுக்காக நாம் படித்துச் சொல்வது ஒன்று. அவர்களே படிக்கக் கற்றுக்கொடுப்பது இன்னொன்று. முதலாவதில் சாவி நம் கையில். எவ்வளவு பாசமிருந்தாலும், எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். இரண்டாவதில் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பொறுமை வேண்டும், பக்கத்தில் உட்கார நேரம் வேண்டும். நெருக்கம் வருவது அந்த உட்கார்தலில்தான்.

பிற்பாடு எழுத்தறிவுத் திட்டங்களின் வயது வரம்பும் மாறியது. 2009ல் வந்த சாக்ஷர் பாரத் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று சொன்னது. இங்கே மகாராஷ்டிராவிலேயே, தானே மாவட்டம் பாங்கணே கிராமத்தில், 2016 மகளிர் தினத்தன்று யோகேந்திர பாங்கர் என்ற ஆசிரியர் பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சுமார் 30 பாட்டிகள், ரோஸ் கலர் புடவைதான் யூனிஃபார்ம், தோளில் புத்தகப் பை. 2018ல் கேரளாவின் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மார்க் வாங்கினார். அவர் 2023ல் தன் 101வது வயதில் காலமானார். என் அப்பத்தா இருந்திருந்தால் "நாந்தான் மொதல்ல" என்றிருப்பார்.

நடுவில் டெலிபோன் வந்து லெட்டர் படிக்கும் வேலையையே ஒழித்துவிட்டது. எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்று நாமெல்லாம் பேசினோம், அப்புறம் செல்போன். குரல் கேட்டால் போதும், எழுத்து எதற்கு என்று ஆனது. ஆனால் பாருங்கள், அதே போன் எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பேங்க் மெசேஜ், ஓ.டி.பி., ஆஸ்பத்திரி டோக்கன், கேஸ் புக்கிங் எல்லாமே திரையில். ஐந்தாம் வகுப்புத் தமிழ் படித்த என் அம்மா, புனேவில், இங்கிலீஷ் மெசேஜுக்கு முன்னால், அன்றைய அப்பத்தாவாகவே உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கும் வழிகாட்டியது கேரளாதான். திருவனந்தபுரம் மாவட்டம் புல்லம்பாறை பஞ்சாயத்தில் தொடங்கிய செல்போன் கல்வி மாநிலம் முழுக்கப் பரவியது. ஏறக்குறைய 22 லட்சம் பேருக்குச் சொல்லிக்கொடுத்து, 2025 ஆகஸ்ட் 21ம் தேதி கேரளாவை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தார்கள். இந்த முறை வயசுக்கு மேல்வரம்பே இல்லை. நூறைத் தாண்டியவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். அந்த பேங்க் மெசேஜ் என்ன தெரியுமா? அம்மாவின் டெபாசிட் முதிர்கிறது என்ற தகவல். மகள் ஒன்றும் மறைக்கவில்லை, அவசரத்தில் சொன்னதுதான். ஆனாலும் அவளை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த லெட்டர் இன்னும் இருக்காப்பா?" என்றாள். இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். அவளால் படிக்க முடியவில்லை! இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும் படிப்பாள், தமிழில் பேச மட்டும்தான் வரும். அது என் குற்றம், அவள் குற்றமில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் அரை மணி பேத்தி டீச்சர், பாடம் செல்போன். அடுத்த அரை மணி அப்பத்தா டீச்சர், பாடம் தமிழ். அம்மா இன்னும் ஓ.டி.பி.க்கும் பின் நம்பருக்கும் குழம்புகிறார். மகளுக்கு 'ண', 'ன', 'ந' மூன்றும் ஒன்றாகத் தெரிகிறது. சண்டைக்கும் குறைவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ மாமியாரோ போனை நீட்டி "இது என்னன்னு பாரு" என்று கேட்பார்கள். வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்காமல், பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

அந்த 1982 லெட்டரில் மகள் நேற்று மூன்றாவது வரிக்கு வந்திருக்கிறாள். நான் தாண்டிப்போன இடத்துக்கு இன்னும் இரண்டு வரிதான் பாக்கி.