அறைகள் கொண்ட ஓடுகளின் வளர்ச்சிக் கணிதம்

நாட்டிலஸ், கணவாய், அழிந்துபோன அம்மோனைட் ஆகிய தலைக்காலிகளின் ஓடு எந்த விதிப்படி பெரிதாகிறது என்பதைச் சமன்பாடுகளால் விளக்கும் துறை இது. சிங்கப்பூரில் இந்த அமைப்பை நேரில் காணத் தேக்கா சந்தைக்குப் போனாலே போதும். கணவாயின் முதுகிலுள்ள வெள்ளை ஓட்டை, அதாவது நாட்டுமருந்துக் கடைகளின் ‘கடல்நுரை’யை, குறுக்கே ஒடித்தால் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருப்பது தெரியும். தட்டுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு வெளியும் ஓர் அறை.

நாட்டிலஸ் ஆழ்கடற் பவளச்சரிவுகளில் வாழ்வது; சிங்கப்பூரைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடல் அதற்கு ஒத்துவராது. அது ஓட்டின் கடைசி அறையில் குடியிருக்கிறது. வாயிலின் விளிம்பில் ஓட்டை நீட்டிக்கொண்டே முன்னேறி, பின்னால் ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. எல்லா அறைகளையும் ஊடுருவும் ஒரு குழாய், அடைபட்ட அறையின் நீரைச் சவ்வூடு பரவலால் மெல்ல உறிஞ்சி வெளியேற்ற, வாயு நிரம்புகிறது. உடலும் ஓடும் எவ்வளவு கனக்கின்றனவோ அதற்கு ஈடான மிதப்பை இந்த அறைகள் தந்தாக வேண்டும்.

கணிதத்தின் சாரமே இங்குதான் இருக்கிறது. உருவம் மாறாமல் அளவு மட்டும் கூடினால் எடை, மிதப்பு இரண்டுமே நீளத்தின் மும்மடிப்படி ஒன்றாக ஏறும், சமநிலை கெடாது. உருவம் மாறாமல் சுருண்டு வளரும் வளைகோடு மடக்கைச் சுருள். சங்குகளும் நத்தைகளும் இதைப் பின்பற்றுவதை ஹென்றி மோஸ்லி 1838-இல் காட்டினார். டார்சி தாம்சன் 1917-இல் வெளியிட்ட நூல் அதைப் பரவலாக்கியது. நாட்டிலஸின் ஆரம் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 3 மடங்காகிறது. சுற்றுக்கு 18 அறைகள் என்று கொண்டால், ஒவ்வோர் அறையும் முந்தையதைவிட நீளத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடும், கொள்ளளவில் 20 விழுக்காடும் பெரியது.

நாட்டிலஸ் ஓடு ‘பொன் விகித’ச் சுருள் என்ற கூற்றைப் பாடநூல்களும் சுவரொட்டிகளும் விடாமல் திருப்பிச் சொல்கின்றன. அது தவறு. பொன் சுருள் ஒரு சுற்றில் 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஓட்டின் படமும் அளவுகோலும் இருந்தால் பள்ளி மாணவரே இதைச் சரிபார்த்துவிடலாம்.

1960களில் டேவிட் ராப் கணினியின் துணையோடு, சுற்றின் விரிவு வீதம், மைய அச்சிலிருந்து விலகல், அச்சுவழி இறக்கம், வாயிலின் வடிவம் ஆகிய அளபுருக்களால் ஓடுகளை வரைந்தார். அம்மோனைட்டுகளில் பெரும்பாலானவற்றின் விரிவு வீதம் 2-ஐ ஒட்டியே அமைவதை 1967-இல் கண்டார். இந்த அம்மோனைட்டுகளின் படிவங்கள் தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதி கிரெட்டேசியப் பாறைகளில் ஏராளம். 1860களில் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றை விரிவாக வகைப்படுத்தினார். புதுச்சேரியை அடுத்த வழுதாவூர்ப் படிவுகளிலோ குழந்தைப் பருவத்துக்குப் பின் சுருளாமல் நேராக நீண்ட பாக்குலைட்டு என்ற வகை அம்மோனைட்டுகளும் உண்டு. நிலையான ஒரே அச்சை நம்பிய ராப் மாதிரி, வளர்ச்சியின் நடுவே போக்கை மாற்றும் இத்தகைய ஓடுகளிடம் தடுமாறுகிறது. ஜப்பானின் தகாஷி ஒகமோட்டோ 1988-இல் அச்சைக் கைவிட்டு, வாயிலோடு சேர்ந்து நகரும் சட்டகத்தைக் கொண்டு முடிச்சுப்போல் முறுகிய நிப்போனைட்டிஸ் என்ற அம்மோனைட்டைக்கூட உருவாக்கிக் காட்டினார். உயிருள்ள நாட்டிலஸும் விதியைக் கடைசிவரை காப்பதில்லை. முதிர்ச்சியடையும்போது இறுதிச் சுவர்கள் நெருங்கிவிடுகின்றன.

சுவர்கள் எழும் கால இடைவெளியை ஆராய்ந்ததில், நாட்டிலஸ் முதிரப் பத்தாண்டுக்கும் மேலாகிறது என்பது தெரியவந்தது. இவ்வளவு மெதுவாக வளரும் உயிரினம் ஓட்டுக்காகப் பெருமளவில் பிடிபட்டால் மீளாது. 2017 சனவரி 2 முதல் நாட்டிலஸ் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. சிங்கப்பூரிலும் அந்த ஓடுகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்ய அனுமதி பெற வேண்டும்.