பாட்டிலிருந்து பிறந்த படம்: புதுச்சேரியும் பாரதமாதா உருவமும்

பாரதமாதா உருவம் இன்று நாட்காட்டிகளில் எளிதாகக் காணக் கிடைக்கிறது. அது கோயில் சிலையிலிருந்தோ புராணத்திலிருந்தோ வந்ததன்று. ஒரு பாட்டிலிருந்து வந்தது. அந்த உருவம் தமிழ் வாசகர் கைக்கு வந்து சேர்ந்ததில் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு.

வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’ புதினம் 1882இல் நூலாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ‘வந்தே மாதரம்’ பாடல் நாட்டைத் தாயாகப் போற்றியது. 1905இல் வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சியின்போது ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் அந்தத் தாய்க்கு வடிவம் கொடுத்தார். காவி உடுத்த துறவிப் பெண். நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெண்துகில், செபமாலை. ஆயுதம் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சகோதரி நிவேதிதை இந்த ஓவியத்தைப் பெரிதும் பாராட்டினார்.

அதே நிவேதிதையைத்தான் பாரதியார் தம் குருவாகக் கொண்டார். 1908இல் வெளிவந்த ‘சுதேச கீதங்கள்’ நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். அவ்வாண்டிலேயே ஆங்கில அரசின் கைதுக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். ‘இந்தியா’ வார இதழும் இங்கே இடம் பெயர்ந்தது. தமிழ் இதழ்களில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதன்முதலில் வெளியிட்டது இவ்விதழே. படிக்கத் தெரியாதவரையும் படம் எட்டும் என்பதைப் பாரதி நன்கு உணர்ந்திருந்தார். சித்திரங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்ற இதழைத் தொடங்கவும் எண்ணினார், அது கைகூடவில்லை. ‘இந்தியா’ இதழின் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் நூலாக்கியுள்ளார். மாணவர்கள் நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்.

புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ‘விஜயா’ இதழின் 1909ஆம் ஆண்டு அட்டை ஒன்றில் பாரதமாதா தன் பலதரப்பட்ட பிள்ளைகளோடு காட்சி தருகிறாள். ‘வந்தே மாதரம்’ என்ற முழக்கமும் அதில் உண்டு. அவனீந்திரநாதரின் தாய் தனியே நிற்கிறாள். இவளோ பிள்ளைகள் சூழ இருக்கிறாள். இந்த வேறுபாட்டைச் சிறியதென்று தள்ளிவிட முடியாது. பாரதியின் பாட்டில் வரும் தாய்க்கு அன்றைய மக்கள்தொகை எவ்வளவோ அத்தனை முகங்கள். பேசும் மொழிகள் பதினெட்டு. ஆனால் சிந்தனை ஒன்று. இதை எந்த ஓவியரால் தீட்ட முடியும்? தாயைச் சுற்றிப் பிள்ளைகளை வரைந்தது அதற்கு ஒரு நல்ல விடை என்பேன்.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. நிவேதிதை வச்சிராயுதம் பொறித்த ஒரு கொடியை வடிவமைத்தார். 1906ஆம் ஆண்டுக் கல்கத்தா காங்கிரசின்போது அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பாரதியும் அந்த மாநாட்டுக்குச் சென்றிருந்தார். தாயின் மணிக்கொடியைப் பற்றிய அவர் பாட்டிலும் பட்டுத் துணியின் ஒருபுறம் இந்திரனின் வச்சிரம் வருகிறது. மறுபுறம் இசுலாமியரின் இளம்பிறை; நடுவில் வந்தே மாதரம். நிவேதிதையின் வச்சிரமே இங்கு வந்தது என்பது என் கருத்து. பிறையைச் சேர்த்தது பாரதியின் மனம். தாயைத் துர்க்கையாகக் காட்டும் அடிகள் இருப்பதால் ‘வந்தே மாதரம்’ பாடலுக்கு எதிர்ப்பு எழுந்து, 1937இல் காங்கிரசு முதல் இரு பத்திகளை மட்டும் பாடலாம் என முடிவு செய்ததை நினைத்தால் அந்தப் பிறையின் அருமை விளங்கும்.

பாரதி விழா ஓவியப் போட்டிகளில் நான் பல ஆண்டுகள் உடனிருந்திருக்கிறேன். பாட்டை வரையச் சொன்னால் பிள்ளைகள் பாடியவரையே வரைந்து தருவார்கள்: முண்டாசு, மீசை, கறுப்புக் கோட்டு. ஒருமுறை கொடிப் பாட்டை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு வரையச் சொன்னேன். கொடிக் கம்பத்தின் கீழே நிற்பதாகப் பாட்டில் வரும் தமிழர், தெலுங்கர், மராட்டியர், வங்கத்தார் என ஒவ்வொருவருக்கும் என்ன உடை போடுவது என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமும் ஆய்வு மையமுமாக உள்ளது.