லொறியின் நெற்றியில் ஓர் எழுத்து

சென்ற விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த பேத்தி, திருகோணமலை வீட்டுப் பரணில் கிடந்த பழைய தகரப் பெட்டியொன்றைக் கண்டெடுத்தாள். அதனைப் பாகிஸ்தானிய லொறியைப் போல அலங்கரிக்க வேண்டுமென்பது அவளது ஆசை. துருவைத் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசி, எனாமல் வர்ணங்களும் மூன்று தூரிகைகளும் வாங்கி வந்தோம். முற்றத்து வேப்பமர நிழலில் மூன்று நாள் வேலை.

பாகிஸ்தானிய லொறிக் கலையைப் பற்றி அவள் என்னைவிட அதிகம் அறிந்திருந்தாள். பிரித்தானியாவின் பெட்போர்ட் லொறிகளே அக்கலைக்கு நெடுங்காலம் உடலாக அமைந்தன. சாரதியின் தலைக்கு மேலே எழும்பி நிற்கும் மரப் பகுதியைத் 'தாஜ்', அதாவது கிரீடம், என்பார்கள். மயில், கழுகு, கண்கள், மலைகள் என்று வெற்றிடமே விடாமல் வரைவார்கள். கீழே தொங்கும் சங்கிலிகளின் ஓசையைக் கேட்டு, ஆப்கானிஸ்தானிலிருந்த அமெரிக்கப் படையினர் இவற்றை 'ஜிங்கிள் ட்ரக்' என்றழைத்தனர். இந்திய லொறிகளின் பின்புறத்து 'ஹார்ன் ஓகே பிளீஸ்' வாசகத்தை மகாராஷ்டிர அரசு 2015இல் தடைசெய்தமையும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் துறைமுகத்துக்கு வந்துபோன லொறிகள் இத்தகைய ஆடம்பரம் அறியாதவை. மரக் கூடு, உரிமையாளரின் பெயர், முகப்பில் ஒரு பிள்ளையார், 'முருகன் துணை'. அவ்வளவே.

மயிலும் தாமரையும் முடிந்தபின் பேத்தி கேட்டாள்: "அப்பப்பா, நம்பர் பிளேட்டில என்ன எழுத்துப் போடுறது?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் கூற முடியவில்லை.

1957ஆம் ஆண்டுக்கு முன்னர் இலங்கை வாகனங்களின் இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. அவ்வாண்டு தொடக்கம் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி ஓராண்டுகூட ஆகியிராத வேளை அது. அதே 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 15இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். வெளிநாட்டுக் கொடி இறங்கியதை நாடு கொண்டாடியது. எங்கள் நகரோ ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு மகனை இழந்திருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது மட்டுமே நினைவிலுள்ளது.

ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் சற்று நம்பிக்கை தந்தது. ஆயினும் 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையாகி, மார்ச்சில் சிங்கள 'ஸ்ரீ' பொறித்த பஸ்கள் தமிழ்ப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டபோது, தமிழரசுக் கட்சியினர் அதனை அழித்துத் தமிழில் 'ஸ்ரீ' எழுதினர். தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் கலவரம் மூண்டது.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. இரு தரப்பினரும் எழுதியது ஒரே வடமொழிச் சொல், ஒலியும் ஒன்றே. வடிவம்தான் வேறு. அந்த வடிவத்தை ஒரு வாளித் தாரும் தூரிகையும் கொண்டு அழித்துவிடலாம். ஆனால் சட்டத்தின் வழி வந்த எழுத்து, 'இந்த வீதி யாருடையது' என்ற கேள்வியையும் உடன் கொண்டுவந்தது. எழுத்தில் என்ன இருக்கிறது என்று அக்காலத்தில் எழுதிய ஆங்கிலப் பத்திரிகை அன்பர்களின் தகடு ஏற்கெனவே அவர்களுடைய மொழியில் இருந்ததை மறந்துவிடலாகாது.

பின்னாளில் புதிய தகடுகளிலிருந்து 'ஸ்ரீ' மறைந்தது. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகளே திரும்பி வந்தன. பழைய 'ஸ்ரீ' வாகனங்கள் சில இன்னும் ஓடுகின்றன.

இவற்றையெல்லாம் பேத்திக்குச் சொல்லி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கையிலிருந்த தூரிகை காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அவள் அதனை மண்ணெண்ணெயில் கழுவிவைத்துவிட்டு, தகட்டின் மஞ்சள் பரப்பில் தான் பிறந்த ஆண்டை மட்டும் எழுதினாள். எழுத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டாள். பெட்டி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறது.