5 நாள் கவர்னரை வீட்டுக்கு அனுப்பிய செனட்... புவேர்ட்டோ ரிக்கோ மேலவை எப்படித் தேர்வாகிறது?

2019 ஆகஸ்ட் 2. புவேர்ட்டோ ரிக்கோ கவர்னர் ரிக்கார்டோ ரோசெல்லோ மாலை 5 மணிக்குப் பதவி விலகினார். அவரும் அவருடைய நெருங்கிய வட்டமும் டெலிகிராமில் பேசிக்கொண்ட 889 பக்க சாட் ஜூலையில் வெளியாகியிருந்தது. அதில் இருந்த கேலியையும் வசையையும் படித்துக் கொதித்துப்போன மக்கள், அவர் ராஜினாமாவை அறிவிக்கும் வரை தெருவை விட்டு நகரவில்லை. பாடகர்கள் ரிக்கி மார்ட்டின், பேட் பன்னி எல்லாம் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

போகிற போக்கில் ரோசெல்லோ ஒரு வேலை பார்த்துவிட்டுப் போனார். காலியாக இருந்த அரசுச் செயலாளர் பதவிக்கு பெட்ரோ பியர்லூயிசியை நியமித்தார். கவர்னர் நாற்காலி காலியானால் அடுத்து உட்கார வேண்டியவர் அரசுச் செயலாளர்தான். ஆனால் அந்தப் பதவிக்கு சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். கீழவை தந்துவிட்டது, மேலவையான செனட் இன்னும் ஓட்டெடுப்பே நடத்தவில்லை. இருந்தும் பியர்லூயிசி கவர்னராகப் பதவியேற்றார். 2005ல் வந்த ஒரு சட்டம் அதற்கு இடம் கொடுப்பதாக அவர் தரப்பு சொன்னது.

செனட் நேராக கோர்ட்டுக்குப் போனது. ஆகஸ்ட் 7ஆம் தேதி புவேர்ட்டோ ரிக்கோ உச்ச நீதிமன்றம், இந்தப் பதவியேற்பு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றே நீதித்துறைச் செயலாளர் வாண்டா வாஸ்கெஸ் கவர்னரானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வழக்குக்குப் பின்னால் இருந்த செனட் தலைவர் தாமஸ் ரிவேரா ஷாட்ஸ் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ரோசெல்லோ, பியர்லூயிசி, ஷாட்ஸ் மூவரும் ஒரே கட்சி!

அப்படி என்னதான் அதிகாரம் இந்த செனட்டுக்கு? யார் இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பார்ப்போம்.

முதலில், புவேர்ட்டோ ரிக்கோ ஒரு நாடா?

இல்லை. அமெரிக்காவின் மாநிலமும் இல்லை. கரீபியன் கடலில் சுமார் 32 லட்சம் பேர் வாழும் ஒரு தீவு, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. ‘டெஸ்பசீட்டோ’ பாட்டு நினைவிருக்கிறதா? அந்த வீடியோவில் வரும் தெருக்கள் இந்தத் தீவின் தலைநகர் சான் ஹுவானில் இருப்பவை.

1898 போரில் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா இதைக் கைப்பற்றியது. இங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் குடியிருக்கும் வரை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. வாஷிங்டனில் உள்ள காங்கிரசுக்கு ஒரே ஒரு பிரதிநிதியை அனுப்பலாம், அவருக்கும் மசோதாக்களை நிறைவேற்றும் இறுதி ஓட்டெடுப்பில் ஓட்டு கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். இங்கே கவர்னர் என்றால் நம்மூர் ராஜ்பவன் கவர்னர் மாதிரி மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.

ஆரம்பத்தில் மேலவையே நியமன சபைதான்

1900ல் அமெரிக்கா போட்ட சட்டப்படி, மேலவை வேலையைப் பார்த்தது 11 பேர் கொண்ட நிர்வாகக் குழு. எல்லோரும் அமெரிக்க அதிபர் நியமிக்கும் ஆட்கள். அதில் குறைந்தது 5 பேர் தீவுக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. மீதி 6 இடம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த கீழவை என்ன சட்டம் கொண்டுவந்தாலும் இந்தக் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் செனட் 1917ல் ஜோன்ஸ் சட்டம் மூலம் வந்தது. அப்போது 19 உறுப்பினர்கள். 1952ல் புவேர்ட்டோ ரிக்கோவுக்கென்று தனி அரசியலமைப்பு வந்தபோது அது 27 ஆனது. அந்த அமைப்புதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

27 பேர்... இரண்டு விதமான சீட்

தீவு முழுக்க 8 செனட் மாவட்டங்கள்: சான் ஹுவான், பயமோன், அரெசிபோ, மயாகுவேஸ், பொன்சே, குவாயமா, உமகாவோ, கரோலினா. மாவட்டத்துக்கு 2 பேர் வீதம் 16 செனட்டர்கள். மீதி 11 பேருக்குத் தொகுதியே கிடையாது. தீவு முழுவதும்தான் அவர்கள் தொகுதி.

ராஜ்யசபா மாதிரி எம்எல்ஏக்கள் ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தல் இல்லை இது. 27 பேரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் ஓய்வு பெறும் சுழற்சி முறையும் கிடையாது. 4 ஆண்டுக்கு ஒருமுறை நவம்பரில், கவர்னர் தேர்தலோடு சேர்த்து மொத்த அவைக்கும் தேர்தல். போட்டியிட 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஸ்பானிஷ் அல்லது ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2 ஆண்டுகளாவது தீவில் வசித்திருக்க வேண்டும்.

இங்கதான் சுவாரஸ்யமே. மாவட்ட செனட்டருக்கு ஒருவர் 2 ஓட்டுப் போடலாம், ஏனென்றால் 2 இடம். ஆனால் தீவு முழுவதற்குமான 11 இடங்களுக்கு ஒரு வாக்காளருக்கு ஒரே ஒரு ஓட்டுதான். அதிக ஓட்டு வாங்கிய முதல் 11 பேர் உள்ளே போவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய கட்சி 6 பேரை நிறுத்துகிறது. அதன் ஆதரவாளர்கள் எல்லோரும் பட்டியலில் முதலில் இருக்கும் பிரபலத்துக்கே குத்தினால் அவர் மலையளவு ஓட்டில் ஜெயிப்பார், மற்ற ஐந்து பேரும் தோற்பார்கள். இதைத் தவிர்க்கக் கட்சிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயர் வரிசையை ஏரியாவுக்கு ஏரியா மாற்றி அச்சிட வைப்பார்கள். சின்னத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துபவர்களின் ஓட்டு, அந்தந்த ஏரியாவில் முதலில் இருக்கும் பெயருக்குப் போகும். இப்படி ஓட்டு பிரிந்து ஆறு பேருமே கரையேறலாம்.

இதே முறை சிறிய கட்சிகளுக்கும் ஒரு கதவைத் திறந்து விடுகிறது. மொத்த ஓட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல், அதாவது எட்டே கால் சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி வாங்கிவிட்டால் அந்த வேட்பாளரை யாராலும் தோற்கடிக்க முடியாது. நிஜத்தில் அதைவிடக் குறைவே போதும். 2016ல் ஹோசே வர்காஸ் விடோட் என்ற டாக்டர் எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக நின்று ஜெயித்தது இந்த வழியில்தான்.

ஜெயித்தவர் எல்லாவற்றையும் அள்ள முடியாது

27 என்று சொன்னோம் இல்லையா? ஆனால் செனட்டில் எப்போதும் 27 பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. 2009ல் 31 பேர். 2017ல் 30 பேர். 2025ல் 28 பேர்.

காரணம் அரசியலமைப்பின் 3ஆவது பிரிவில் இருக்கும் ஒரு விதி. ஒரே கட்சி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் பிடித்துவிட்டால், தோற்ற கட்சிகளின் வேட்பாளர்களில் சிலரையும் ‘ஜெயித்தவர்’ என்று அறிவித்து, சிறுபான்மைத் தரப்பின் எண்ணிக்கையை 9 ஆக்க வேண்டும். ஆளுங்கட்சியிடமிருந்து ஒரு சீட்டைக்கூடப் பிடுங்குவதில்லை, அவையையே பெரிதாக்கிவிடுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்க்கட்சிகள் இருந்தால், கவர்னர் தேர்தலில் வாங்கிய ஓட்டு விகிதப்படி கூடுதல் இடத்தைப் பங்கு போடுவார்கள். 3 சதவீதம்கூட வாங்காத கட்சிக்குப் பங்கு இல்லை. ஆளுங்கட்சியின் கவர்னர் வேட்பாளரே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைத் தாண்டியிருந்தால் கணக்கு வேறு.

2024 தேர்தலில் புதிய முற்போக்குக் கட்சி 19 இடம் பிடித்தது. 27ல் மூன்றில் இரண்டு பங்கு என்பது 18. ஒன்று கூடிவிட்டதால் விதி வேலை செய்தது. எதிர்த்தரப்பு 8லிருந்து 9 ஆனது, அவை 28 ஆனது. 2012ல் மக்கள் ஜனநாயகக் கட்சி சரியாக 18ல் நின்றதால் ஒருவர்கூடக் கூடவில்லை.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்கு அன்றைய நிலவரத்தைப் பார்த்தால் போதும். 1940களிலிருந்து லூயிஸ் முன்யோஸ் மரினின் மக்கள் ஜனநாயகக் கட்சி எதிரே ஆளில்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தது. அவரே செனட் தலைவராக இருந்து, பிறகு மக்கள் ஓட்டில் வந்த முதல் கவர்னரானவர். அப்படிப்பட்ட காலத்தில் எழுதிய அரசியலமைப்பில் எதிர்க்கட்சிக்கு இடம் ஒதுக்கியது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். 9 பேரால் சாதாரண மசோதாவைத் தடுக்க முடியாது. கமிட்டிகளில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம், ஆவணத்தில் பதிய வைக்கலாம். கவர்னரைப் பதவி நீக்கும் விசாரணையில் மட்டும் அந்த 9 ஓட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. குற்றம் சாட்டுவது கீழவை, விசாரித்து முடிவு சொல்வது செனட். தண்டிக்க மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். 28 பேரில் 21. ஆளுங்கட்சியின் 19 ஓட்டு மட்டும் பத்தாது.

உள்ளே யார் யார்?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் துணை கவர்னர்தான் செனட்டுக்குத் தலைமை வகிப்பார். புவேர்ட்டோ ரிக்கோவில் அந்தப் பதவியே இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கமிட்டி அமைப்பது, அஜெண்டா எல்லாம் பெரும்பாலும் அவர் கையில். அதனால் கவர்னருக்கு அடுத்து அதிகச் செல்வாக்குள்ள ஆள் இவர்தான் என்று சொல்லலாம். பிறகு துணைத் தலைவர், கட்சிக்கு ஒரு அவைத் தலைவர். கூட்டத்தொடர் ஆண்டுக்கு இரண்டு: ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இன்னொன்று.

வரி மசோதா கீழவையில்தான் தொடங்க வேண்டும், செனட் திருத்தம் சொல்லலாம். நியமனத்தில்தான் செனட்டின் கை ஓங்கியிருக்கிறது. துறைச் செயலாளர்கள், நீதிபதிகள் என்று கவர்னர் யாரை நியமித்தாலும் செனட் ஒப்புதல் வேண்டும். 2020 தேர்தலில் இதன் அருமை தெரிந்தது. அதே பியர்லூயிசி இந்த முறை மக்கள் ஓட்டில் கவர்னராக வந்தார், ஆனால் செனட்டில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 27ல் 10 இடம்தான். 12 இடம் வைத்திருந்த மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஹோசே லூயிஸ் டல்மாவ் தலைவரானார். 4 வருடமும் ஒவ்வொரு நியமனத்துக்கும் கவர்னர் எதிர்த்தரப்பிடம் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

செனட்டுக்கு மேல் ஒரு ‘ஹுண்டா’

இவ்வளவு அதிகாரமும் ஒரு எல்லை வரைக்கும்தான். 7,000 கோடி டாலருக்கு மேல் கடனில் மூழ்கிய தீவுக்காக 2016ல் அமெரிக்க காங்கிரஸ் 7 பேர் கொண்ட நிதி மேற்பார்வைக் குழுவை அமைத்தது. தீவு மக்கள் அதை ‘லா ஹுண்டா’ என்கிறார்கள். ஹுண்டா என்றால் குழு. அந்தப் பெயரை அவர்கள் பிரியமாகச் சொல்வதில்லை.

2022ல் தொழிலாளர் உரிமைகள் சிலவற்றைத் திரும்பக் கொடுக்கும் 41ஆம் எண் சட்டத்தை இரு அவைகளும் நிறைவேற்றின, கவர்னரும் கையெழுத்திட்டார். நிதித் திட்டத்துக்கு ஒத்துவராது என்று ஹுண்டா வழக்குப் போட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு அவைகள், மக்கள் தேர்ந்தெடுத்த கவர்னர், மூவர் சேர்ந்து போட்ட சட்டம் அது.

இரண்டு அவை எதற்கு என்று மக்களே கேட்டிருக்கிறார்கள்

2005 ஜூலை 10ஆம் தேதி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சட்டமன்றம் ஒரே அவையாக மாற வேண்டுமா என்பது கேள்வி. ஓட்டுப் போட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ‘ஆமாம்’ என்றார்கள். ஆனால் நான்கில் ஒரு வாக்காளர்கூட சாவடிப் பக்கம் வரவில்லை. அரசியலமைப்பைத் திருத்தும் அடுத்த கட்டத்தை எடுக்க வேண்டியவர்கள், கலைக்கப்பட இருந்த அதே இரண்டு அவைகளின் உறுப்பினர்கள். அவர்கள் எடுக்கவில்லை. 2025 ஜனவரியில் 28 பேரோடு புதிய செனட் கூடியபோது, தலைவர் நாற்காலியில் மறுபடியும் ரிவேரா ஷாட்ஸ் உட்கார்ந்தார். அடுத்த தேர்தல் 2028 நவம்பரில்.