ஆயுத மேம்பாடும் காரைக்காலும்
கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில் ஆயுதத்தை மேம்படுத்தினால் அது விளைவிக்கும் சேதம் கூடும். ஓர் அடியின் வலிமையோடு, அடுத்த அடி எவ்வளவு விரைவில் விழுகிறது என்பதும் மொத்தச் சேதத்தைத் தீர்மானிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் நடந்த போர்களிலும் இதே கணக்கைக் காணலாம்.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. அங்கு நிர்வாகியாக இருந்தவர்களுள் ஒருவர் பாரடி. இவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், ஆற்காடு நவாப் அன்வாருதீனின் மகன் மாபூசுகான் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையுடன் அடையாற்றங்கரையில் நின்றார். பாரடியிடம் சுமார் 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களுமே இருந்தனர், பீரங்கிகள் இல்லை. அவர்கள் ஆற்றைக் கடந்து, ஒருசேரச் சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்திகளுடன் பாய்ந்தனர். நவாபின் படை சிதறியது.

உள்நாட்டுப் படைகளில் பரவலாக இருந்த திரித் துப்பாக்கிக்கு எப்போதும் எரியும் திரி தேவை. குண்டு நிரப்பவும் நேரம் பிடிக்கும். தீக்கல் துப்பாக்கிக்குத் திரி வேண்டியதில்லை. முனையில் கத்தியைப் பொருத்தினால் அதுவே ஈட்டியாகும். இவற்றோடு வரிசையாக நின்று சுடும் பயிற்சியும் சேர்ந்தபோது சிறிய படையின் தாக்குதல் பன்மடங்கானது.

எனினும், எதிரியிடம் இல்லாதவரைதான் மேம்பாடு பயன் தரும். பிரித்தானியரும் இதே துப்பாக்கிகளைக் கொண்டு சிப்பாய்ப் படைகளைப் பயிற்றுவித்தனர். 1760 ஏப்ரலில் அவர்கள் கடல்வழியாகவும் நிலவழியாகவும் வந்து காரைக்காலைக் கைப்பற்றினர்.