பேட்டரி இருக்கும் வரை கதை

சமீபத்தில் ஒரு ஞாயிறு மதியம் ‘மால்குடி டேஸ்’ பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசைப்படி அல்ல, கண்ணை மூடிக்கொண்டு கை போன எபிசோட். ஏதோ நானே கண்டுபிடித்த விளையாட்டு மாதிரி ஓவேலி நண்பரிடம் பெருமையடித்தேன். “நாங்க எல்லா சீரியலையும் அப்படித்தான் சார் பார்த்தோம்” என்றார் சிரிக்காமல்.

1986-ல் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. ஆர்.கே.நாராயண் கதைகள், ஷங்கர் நாக் இயக்கம், கர்நாடகத்து ஆகும்பேயில் படப்பிடிப்பு. பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். எதை முன்னால் பார்த்தாலும் குடிமுழுகாது. சுவாமியும் அவன் நண்பர்களும் வருகிற கதை மட்டும் பல வாரம் தொடர்ந்தது. ஒரு வாரம் தவறினால் போச்சு.

ஓவேலியில் தவறியது கரண்ட்டால். கூடலூர் பக்கத்து நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்கள். 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. குத்தகை நிலங்கள் அதன் 17-வது பிரிவில் சிக்கிக்கொள்ள, வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. அங்கே குடியேறிய பலருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் அப்போது மின் இணைப்பும் கிடைக்கவில்லை! ‘செக்‌ஷன் 17’ என்றால் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நண்பர் வீட்டுப் பக்கம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டிவி. ஜீப் பேட்டரியில் ஓடும். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கூடலூர் போய் சார்ஜ் ஏற்றி வரணும். அடைமழையில் அதுவும் நடக்காது. ஆக, பேட்டரிக்கு உயிர் இருக்கிற வாரம் எதுவோ, அதுதான் எபிசோட்.

1987-ல் ஆரம்பித்த ‘ராமாயண’த்துக்குக் கவலையில்லை. சீதையைத் தூக்கிப்போன வாரம் தவறிவிட்டதா? பாட்டி சொல்லிவிடுவார். மால்குடிக்கு யார் சொல்வது? சுவாமியின் சிநேகிதன் ராஜம் ஊரைவிட்டு ரயிலேறும் கடைசிப் பகுதியைத்தான் நண்பர் முதலில் பார்த்தாராம். இருவரும் ஆரம்பத்தில் எதிரிகள் என்பதே பின்னாளில் மறு ஒளிபரப்பில்தான் தெரிந்ததாம். பிரிவு முதலில், பழக்கம் அப்புறம்!

பாட்டிக்கு மட்டும் அந்த ரயில் காட்சிக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதப்பட்ட 5,25,000 பேரில் அவரும் ஒருவர். இலங்கை மலையகத்தில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி நீலகிரி வந்தவர். ரயிலை அவர் ‘கோச்சி’ என்றுதான் சொல்வார்.

இந்தி ஒரு வார்த்தை தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “கோச்சி கிளம்பிருச்சா?” என்று கேட்டாராம். அதற்குள் பேட்டரி தீர்ந்திருந்தது.