வீட்டுக் கடன் தரகும் கடன் கொடுப்போருக்குரிய சட்ட வரம்புகளும்

வீட்டுக் கடன் தரகு என்பது, வீடு வாங்க முற்படுபவரையும் அதற்குப் பணம் கொடுக்கும் ஸ்தாபனத்தையும் இணைத்துவைத்து, அவ்விணைப்புக்காக ஊதியம் பெறும் தொழிலாகும். அவ்வாறு இணைத்துவைப்பவரே கடன் கொடுப்பவராகவோ, கொடுப்பவரிடம் கமிஷன் பெறுபவராகவோ இருக்குமிடத்து, அவருடைய விசுவாசம் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுகிறது. வீட்டுக் கடன் தரகருக்கென்று தனி உரிமச் சட்டம் இந்தியாவில் இயற்றப்படாமையால், இதற்கான விடையைப் பல சட்டங்களிலிருந்து திரட்டியே அறிய வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாப்பூர் சாலையிலும் அடுக்ககம் வாங்கப் போகிறவரிடம், டி.எஸ்.ஏ. என்று வழங்கும் நேரடி விற்பனை முகவர், சம்பளச் சீட்டும் வில்லங்கச் சான்றும் காத்தா என்னும் சொத்துப் பதிவின் நகலும் கேட்டு வாங்கி, எந்த வங்கியை நாடலாம் என்று ஆலோசனையும் சொல்வதனால், வாங்குபவர் அவரைத் தம்முடைய ஆள் என்றே நம்பிவிடுகிறார். சட்டத்தின் பார்வையிலோ அவர் கடன் கொடுப்பவரின் முகவர்.

இதற்கு அஸ்திவாரமாக உள்ளது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். தம்மை அமர்த்தியவரின் சம்மதமின்றி முகவர் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து, முக்கியமான விவரத்தை மறைத்திருந்தாலோ, அது அமர்த்தியவருக்குப் பாதகமாக முடிந்தாலோ, அவ்வியாபாரத்தை அவர் நிராகரிக்கலாம் என்று 215ஆம் பிரிவும், அவர் அறியாமல் முகவர் அடைந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெறலாம் என்று 216ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆகவே, கடன் தேடித் தருவதாகக் கூலி பேசிய ஒருவர், பணம் கொடுப்பவர் தாமே என்பதை மறைப்பாராயின், இப்பிரிவுகளின் பிடிக்குள் வருவார். வங்கியுடன் மட்டுமே ஒப்பந்தம் செய்துகொண்ட டி.எஸ்.ஏ.யைத் தம் முகவர் என்று நிரூபிப்பதோ கடனாளிக்கு எளிதன்று.

1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில், பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. கமிஷனை ஊதியமாகப் பெறுபவரை வங்கி வேலைக்கு அமர்த்தலாகாது என்று விதிக்கும் அதன் 10ஆம் பிரிவே, நிரந்தர ஊழியராக அன்றி ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்தப்படும் தரகர் முதலானோரின் கமிஷனுக்கு விலக்கும் அளிக்கிறது. டி.எஸ்.ஏ. முறை அந்த விலக்கில்தான் இடம் பெற்றது எனலாம். ஆயினும், கடனை அனுமதிக்கும் அதிகாரத்தை வெளியாரிடம் ஒப்படைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2006 நவம்பரில் வங்கிகளுக்கு ஆணையிட்டது. வங்கிகளல்லாத வீட்டுக் கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, தேசிய வீட்டுவசதி வங்கியிடமிருந்து 2019 ஆகஸ்ட் 9 முதல் ரிசர்வ் வங்கிக்கு மாறியது. 1987இல் கனரா வங்கியின் ஆதரவில் பெங்களூரில் தோன்றிய கேன் ஃபின் ஹோம்ஸ் போன்றவை இவ்விதம் அதன் ஆளுகைக்குள் வந்தன.

கடன் கொடுப்பவரே தரகராகும் நிலையை நேராகத் தொடுவது, ரிசர்வ் வங்கி 2025 மே 8இல் வெளியிட்ட டிஜிட்டல் கடன் விதித்தொகுப்பு. ஒரு கடன் நிறுவனம் மற்றொன்றுக்காகக் கடனாளிகளைத் திரட்டுதல் முதலிய பணிகளைச் செய்யும் சேவையாளராக நின்றாலும் அதுவும் முகவரே என்று இது வரையறுக்கிறது. அச்சேவைக்கான கட்டணத்தைக் கடன் கொடுப்பவரே செலுத்த வேண்டும். சேவையாளர் கடனாளியிடம் தனியே வசூலிக்கலாகாது. பல நிறுவனங்களுக்குச் சேவை புரிபவர், பொருந்தும் கடன்கள் அனைத்தையும், தொகை, தவணைக்காலம், வருடாந்தர மொத்தச் செலவு விகிதம் முதலியவற்றோடு பாரபட்சமின்றிக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் முன்னிறுத்தும் சூழ்ச்சி கூடாது. அமெரிக்காவிலோ, ஆள் அனுப்பியதற்காக மட்டும் கமிஷன் கொடுப்பது வீட்டுக் கடன் துறையில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. ஒரே கடனுக்கு இரு தரப்பிலும் ஊதியம் பெறுவதை 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தடை செய்தது.

கட்டட முதலாளியும் கடன் கொடுப்பவரும் கைகோக்கும்போது அபாயம் மிகுதி. கட்டுமானத்தின் படிநிலைக்கேற்பவே பணம் விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலும், கடனாளியின் தவணையைக் கட்டட முதலாளி செலுத்தும் திட்டங்களைத் தவிர்க்குமாறு தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையிலும் அறிவுறுத்தின. இத்தகைய கைகோப்பு பற்றி உச்ச நீதிமன்றம் 2025இல் மத்தியப் புலனாய்வுத் துறையை விசாரிக்கப் பணித்தபோது, அவ்விசாரணை பெங்களூர்த் திட்டங்களையும் எட்டியது.

2024 அக்டோபர் முதல், கடனாளி செலுத்த வேண்டிய கட்டணங்கள் அனைத்தையும், ஒப்பந்தத்துக்கு முன் அவருக்குத் தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் காட்டியாக வேண்டும். முகவருக்குக் கடன் கொடுப்பவர் தம் கையிலிருந்து அளிக்கும் கமிஷன், அவ்வறிக்கையில் சேரும் இனமன்று. கடனாளி மிகவும் அறிய வேண்டிய தொகை அதுவே.